நகம் பார்த்த கேட்டு

காவலுக்கு ஆள் வைக்கிறவர்கள் நல்ல நெஞ்சழுத்தமுள்ள ஆளாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்த வட்டாரத்திலேயே அதிகமாகப் பயப்படுகிற பெண்ணைப் பிடித்து வந்து கேட்டில் உட்கார வைத்தார்கள். அய்யம்மாளுக்கு எதைக் கண்டாலும் பயம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பு சுர்ரென்றால் பயம். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பயம். கல்யாண வீட்டில் சரவெடியை விரிக்கத் தொடங்கினால் பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போய்விடுவாள். பட்டாசுக்குப் பேர்போன சீமையில் பிறந்துவிட்டு இப்படி நடுங்குகிறாளே என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டுப் போகலாம். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது.

திருத்தங்கலுக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களையெடுத்து, பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். மழை ஏமாற்றிய வருஷம் ஒன்றில் எட்டு வயது அய்யம்மாளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ், கம்பெனி என்றுதான் பேர். விடியும் முன்னால் ஊருக்குள் கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கத்தோடே அள்ளிக்கொண்டுபோய் வேனுக்குள் போடுவார்கள். பள்ளிக்கூடம் என்பது அவளுக்கு வேன் கம்பி வழியாகப் பார்த்த கட்டடம். அதற்குமேல் அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு நாகையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நாகையா பட்டாசு ஆபீசில் வெடிமருந்து கலக்குகிறவன். சாது மனுஷன். கல்யாணமாகி இரண்டாவது தீபாவளிக்கு முன்னால் அவன் வேலை பார்த்த மருந்து ரூம் வெடித்துவிட்டது. அடையாளம் சொல்ல ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று துணியால் மூடிவிட்டு, வலது கையை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார்கள். சுண்டுவிரல் கோணல் அவனுடையதுதான். அந்தக் கையின் ஐந்து நகத்திலும் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது. அவர்தான் என்று அய்யம்மாள் சொன்னாள். அதற்கப்புறம் அந்த வெள்ளியை யார் நகத்தில் பார்த்தாலும் நாகையாவின் கைதான் கண்முன்னால் வந்து நிற்கும்.

அவளைக் கூப்பிட்டு அடுப்படியில் வேலை கொடுத்தது வேதக்கோயில் பள்ளிக்கூடம். போர்டில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. ஊரில் அதை யாரும் முழுசாகச் சொல்லிக் கேட்டதில்லை. அது கட்டும்போது பள்ளிக்கூடமே இல்லை, விருதுநகர் மண்டிக்காரர் ஒருவர் மிளகாய் வத்தல் அடுக்கி வைத்திருந்த கிட்டங்கி. யாவாரம் நொடித்ததும் அவர் கிட்டங்கியைச் சபைக்காரர்களிடம் தள்ளிவிட்டார். சபையைச் சேர்ந்த இரண்டு டீச்சர்மார், இருவருமே கல்யாணம் கட்டாதவர்கள், அதைக் கூட்டிப் பெருக்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். எத்தனை தரம் கழுவினாலும் வத்தல் நெடி போகவில்லை. முதல் வருஷம் முழுக்க ஜெபம் ஆரம்பித்தால் ஒருத்தி தும்முவாள், ஆமென் வருவதற்குள் முழுப் பள்ளிக்கூடமும் தும்மி முடித்திருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்ததற்குக் காரணம் அந்த வேன்கள். ஆண்பிள்ளையையாவது சில வீடுகளில் படிக்க விட்டார்கள், பெண்ணென்றால் நேரே வேன்தான். அதனால் டீச்சர்மார் ஒரு வேலை செய்தார்கள். வேன் ஊருக்குள் வருவதற்கு முன்னாலேயே கேட்டைத் திறந்து, பிள்ளைகளுக்கு ஒரு செம்பு கேப்பைக்கூழ் கொடுத்து உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். வேன் வந்து ஆரன் அடிக்கும்போது பிள்ளை வீட்டில் இருக்காது. இதற்காகக் கம்பெனி ஆட்கள் வந்து சத்தம் போட்டதும், ஒரு டிரைவர் வேனைக் கேட்டுக்கே கொண்டுவந்து முட்டியதும் உண்டு. டீச்சர்மார் அசைந்து கொடுக்கவில்லை. மின்சார அடுப்பும் ஸ்மார்ட் போர்டும் வைத்திருக்கிற இன்றைய பள்ளிக்கூடங்கள் இந்தக் கூழ்ச் செம்புக்கு ஈடாகுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

முதலில் சர்க்கார் பணம் வேண்டாமென்று சபைப் பெரியவர்கள் மறுத்தார்கள். பிறகு முடியாமல் போய் அவர்களே கேட்டபோது சர்க்கார் மறுத்துவிட்டது. இரண்டு பக்கத்து ரோஷத்துக்கும் நடுவில் பள்ளிக்கூடம் சபைக் காணிக்கையில் ஓடியது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில், எடுத்தவர் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க, ஒரே பூசணிக்காயை மாற்றி மாற்றி ஏலம் விட்டுக் கூரை போட்டார்கள் என்று இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார்கள். படித்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளைகள். காலையில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து கீர்த்தனை பாடுவார்கள், பங்குனியில் தீச்சட்டி எடுக்க லீவு கேட்பார்கள். லீவும் கிடைக்கும்.

நகம் பார்க்கிற வழக்கம் பின்னால் வந்தது. கிருபா டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன புதிதில் ஒரு தீபாவளி சீசன் சமயம், ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்த பிள்ளை ஒருத்தி, பள்ளிக்கூட அடுப்படியில் விறகைத் தள்ளிவிடக் குனிந்தாள். பாவாடை மடிப்பில் தங்கியிருந்த மருந்து பற்றிக்கொண்டது. அய்யம்மாள்தான் அன்றைக்கு அடுப்படியில் இருந்தாள். சாக்கைப் போட்டு அமுக்கி, மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தாள். பிள்ளை பிழைத்தது, கால்தான் தோல் சுருங்கிப் போனது. கிருபா டீச்சர் அன்றைக்கே சட்டம் போட்டார். தீபாவளி சீசன் முடிகிறவரை திங்கட்கிழமைதோறும் கேட்டிலேயே ஒவ்வொரு பிள்ளையின் நகத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளி இருந்தால் முதல் தரம் பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் முட்டி போட வேண்டும். இரண்டாம் தரம் பெயரை எடுத்துவிடுவார்கள். கிருபா டீச்சர் கல்நெஞ்சக்காரி இல்லை. தன்னிடம் படித்த பிள்ளைகளின் சாவு வீட்டுக்குப் போய்ப் போய் அலுத்தவர்.

பார்ப்பதற்கு அய்யம்மாளை விட்டால் வேறு ஆள் ஏது? அடுப்படியிலிருந்து அவளைக் கேட்டுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து கையைக் கவிழ்த்து நீட்டுவார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்து வந்தாலும், மருதாணி வைத்து மறைத்து வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வெள்ளி தெரிந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கும், அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஆபீசுக்கு நடப்பாள். பயத்தில் இழுக்கிறாள் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? கோபத்தில் இழுக்கிறாள் என்றே நினைத்தார்கள். கேட்டுக்காரம்மா வருகிறாள் என்றாலே கைகள் தாவணிக்குள் போய்விடும். சுனாமி வந்ததற்கு மறு வருஷத்துத் தீபாவளி வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. அது எப்படி நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அய்யம்மாளுக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சி வீரலட்சுமிக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. வீரலட்சுமியின் புருஷன் ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போனவன், அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டு திரும்பி வரவில்லை. வீரலட்சுமி பட்டாசு ஆபீசில் புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். மாரீஸ்வரி பிறந்ததிலிருந்து பெரியம்மா மடியில்தான் வளர்ந்தாள். ஒண்ணாம் வகுப்பில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டதும் அய்யம்மாள்தான். இந்தப் பிள்ளை கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று தங்கச்சியிடம் மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது.

சத்தியமெல்லாம் சீசனுக்கு முன்னால் நிற்குமா? அதற்கு முந்தின வருஷம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது மாரீஸ்வரி ஆத்தாளுக்கு ஒத்தாசைக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டாள். மறுநாள் கேட்டில் பெரியம்மாவிடமே மாட்டினாள். அய்யம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரப் பிள்ளை என்றால் விட்டுவிடுகிறாள் என்ற பேச்சு வந்துவிடும். மற்ற பிள்ளைகளை இழுத்ததைவிடக் கொஞ்சம் பலமாகவே இழுத்துக்கொண்டு போய் முட்டி போட வைத்தாள். மத்தியானம் வரை மாரீஸ்வரி வெயிலில் முட்டி போட்டிருந்தாள். இன்னொரு தரம் நகத்தில் பார்த்தால் நானே பெயரை எடுக்கச் சொல்லுவேன் என்று அய்யம்மாள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

சுனாமிக்கு மறு வருஷச் சீசனில் ஓர் அதிசயம் நடந்தது. திங்கட்கிழமைகளில் வெள்ளி நகமே கண்ணில் படவில்லை. முதல் வாரம் ஒன்றிரண்டு, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை. சட்டம் வேலை செய்கிறது, பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று கிருபா டீச்சருக்குச் சந்தோஷம். அய்யம்மாளுக்கு அதைவிடச் சந்தோஷம். திங்கட்கிழமைகளில் வகுப்பில் ஆள் குறைவதைப் பற்றி டீச்சர்மார் பேசிக்கொண்டார்கள்தான். சீசன் என்றால் காய்ச்சல், தலைவலி, சடங்கு வீடு என்று எதையாவது சொல்லி நிற்கிறதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் அய்யம்மாள் வழக்கம்போல நகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் மாரீஸ்வரி பள்ளிக்கூடத்துப் பச்சைத் தாவணியோடு நிற்பது தெரிந்தது. கை இரண்டும் தாவணிக்குள் இருந்தன. யாரோ சிநேகிதிக்காக நிற்கிறாள் என்று அய்யம்மாள் நினைத்தாள். வரிசை நீளமாக இருந்ததால் குனிந்து அடுத்த கையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது சிவகாசி பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. மாரீஸ்வரியைக் காணவில்லை. வீரலட்சுமிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மாத்திரை வாங்க ஓடியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேட்டைச் சாத்தினாள்.

இரண்டாவது பீரியட் நடக்கும்போது தரை அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. கிட்டங்கி ஓட்டிலிருந்து தூசி கொட்டியது, ஜன்னல் கதவுகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அந்தச் சீமையில் பிறந்தவர்களுக்குச் சத்தத்தைக் கேட்டே விஷயம் தெரியும். ஒரு சத்தத்தோடு அடங்கினால் ஒரு ரூமோடு போச்சு. அது அடங்கவில்லை. படபடவென்று தொடர்ந்து வெடித்துக்கொண்டே இருந்தது. தெற்கே பனைகளுக்கு மேலே வெள்ளைப் புகை எழும்பியது. வகுப்புகளில் பாடம் நின்றுவிட்டது. யாரும் அழவில்லை. ஆத்தாள் அப்பன் கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று எந்தத் திசை, எந்த ஊர் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யம்மாள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கம்பெனி வெடித்தால் சுற்றியுள்ள கம்பெனிகளில் ஆட்களை வெளியே விட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் பொம்பளைகள் ஓடி வர ஆரம்பித்தார்கள். நான் உயிரோடு இருக்கேன் என்று பிள்ளைக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போகத்தான் அந்த ஓட்டம். அய்யம்மாள் கேட்டை அகலத் திறந்து வைத்தாள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தேடிப் பிடித்து, கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தக் கூட்டத்தில் சிலர் தேடிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை வகுப்பில் இல்லை என்று டீச்சர் சொன்னதும், காலையில் பள்ளிக்கூடத்துக்குத்தானே அனுப்பினேன் என்று சண்டைக்கு வந்தார்கள்.

அப்போதுதான் வீரலட்சுமி வந்தாள். காய்ச்சலுக்குத் தலையில் துண்டைக் கட்டியிருந்தாள், காலில் செருப்பில்லை.

"மாரீசு உள்ளதானக்கா இருக்கா?"

அய்யம்மாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். "ஒனக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கான்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

வெடித்தது வீரலட்சுமி வேலை பார்க்கிற கம்பெனிதான். அவள் அப்படியே கேட்டடியில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் துண்டுதுண்டாக வந்தது. காய்ச்சலோடு அவளால் ஞாயிற்றுக்கிழமை போக முடியவில்லை. தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஆள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று போர்மேன் சொல்லிவிட்டான். ஆத்தாளுக்குப் பதிலாக மாரீஸ்வரி போய்ப் பூச்சட்டி துடைத்து அடுக்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பத்து நகத்திலும் வெள்ளி.

"புளி வச்சுத் தேச்சாக்கா. மண்ணெண்ணெ வச்சுத் தேச்சா. செங்கப்பொடியப் போட்டு ரத்தம் வார மட்டும் தேச்சா. பெரியம்மா பாத்துரும், பேர எடுத்துரும்னு ராத்திரி பூராம் அழுதா. அது நம்ம பெரியம்மாதானத்தா, ஒண்ணுஞ் செய்யாதுன்னு நாந்தான் தாவணியக் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வச்சேன்."

நகத்தில் வெள்ளி இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்குக் கேட்டு கிடையாது, வீட்டிலும் இருக்க முடியாது. அது போவதற்கு ஓர் இடம்தான் பாக்கி. அங்கே யாரும் நகம் பார்க்க மாட்டார்கள். மாரீஸ்வரி மட்டுமில்லை, சீசன் முழுக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் வராமல் போன பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போயிருக்கிறார்கள். ஞாயிறு ஒரு நாள் போனவளைத் திங்களும் போகவைத்தது இந்தக் கேட்டு. இதெல்லாம் அய்யம்மாளுக்கு அந்த இடத்தில் நின்றபடியே விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கிருபா டீச்சருக்கும் விளங்கியது. அவர் அய்யம்மாள் இடுப்பிலிருந்த கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூட வேன் டிரைவர் சோலைமலையைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேட்டில் யாரும் நகம் பார்க்கவில்லை.

காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தது. ஒருத்தி அங்கே பார்க்க வேண்டும், ஒருத்தி கம்பெனியில் பார்க்க வேண்டும். வீரலட்சுமியால் நடக்க முடியாது என்பதால் அவள் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பெனிக்குப் பிரிகிற மண்பாதையில் சோலைமலை அய்யம்மாளை இறக்கிவிட்டான். புருஷன் செத்ததிலிருந்து எந்தப் பட்டாசு ஆபீஸ் பக்கமும் அவள் தலை வைத்ததில்லை, பஸ்ஸில் போகும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொள்வாள். உள்ளேயிருந்து இன்னும் ஒன்றிரண்டாக வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவள் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். பிறகு எழுந்து நாலு எட்டு வைத்தாள். மறுபடி குந்தினாள். அந்தப் பாதை முழுக்க அப்படியேதான் போனாள்.

கம்பெனிக் கேட்டுப் பக்கம் வேப்பமரத்தடியில் சாக்குப் போட்டு மூடி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கிட்டே விடவில்லை. என் பிள்ளையைத் தேடுகிறேன் என்று அவள் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டார். சாக்குகளுக்கு வெளியே கைகள் தெரிந்தன. அய்யம்மாள் குனிந்து பார்த்தாள். எத்தனையோ வருஷமாகக் கைகளைப் பார்த்துப் பழகிய கண் அது, ஒரு பார்வையில் இவள் போனவள், இவள் போகாதவள் என்று பிரித்துவிடுகிற கண். இங்கே எல்லாக் கையும் வெள்ளியாக இருந்தது. பெரிய கை எது, சின்னக் கை எது என்பதுகூட அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு கை மெலிந்து சின்னதாக இருந்தது. அதைப் பார்த்ததும் சாக்கின் மறுமுனையை விலக்கினாள். மெட்டி போட்ட கால் தெரிந்த பிறகுதான், கல்யாணமானவள், மாரீசு இல்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது. செத்தது வேறு எவளோ பெற்ற பிள்ளை என்று சந்தோஷப்படுகிறோமே என்று அந்த நேரத்திலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை மேலெல்லாம் சாம்பலாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்கவில்லை. அய்யம்மாள் கையைத் தோளளவுக்குக் காட்டி, பச்சைத் தாவணி என்று முந்தானையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பொம்பளை பின்பக்கத்து வேலியைக் காட்டினாள்.

"சின்னப் பிள்ளைக இருந்தது பெட்டி ஒட்டுத ரூமுல. சூலக்கரை கலெக்டர் ஆபீசுல இருந்து ஆபீசரு வருவாக, கண்ணுல படாதீகன்னு போர்மேன் வெரட்டி விட்டான். ஓடப்பக்கம் ஓடுச்சுக" என்றாள். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் கத்திச் சொன்னாள்.

எல்லாப் பிள்ளைகளும் ஓடிச்சா, ஒன்றிரண்டு உள்ளே நின்றுவிட்டதா என்று கேட்க அய்யம்மாளுக்குத் தைரியம் வரவில்லை. வேலிக் கம்பியை நுழைந்து போனாள். ஓடையில் தண்ணீர் இல்லை, இரு கரையிலும் சீமைக்கருவேல முள்தான் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. மாரீசு, மாரீசு என்று கூப்பிட்டுக்கொண்டே மணலில் நடந்தாள். புகை அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கி நின்றது. கூப்பிடுவதற்கு ஒரு பதிலும் இல்லை. அவள் குரல்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை இங்கே இல்லாவிட்டால் அந்த ரூமுக்குள்தான் இருக்கும் என்ற நினைப்பு ஏறிக்கொண்டே வந்தது. முள்ளில் சேலை மாட்டியதையும் கிழிந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

ஓடை வளைகிற இடத்தில் முள்ளுக்கு நடுவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. வேதக்கோயில் பள்ளிக்கூடத்துத் தாவணிதான். ஒன்றல்ல, நாலைந்து. அய்யம்மாள் உயிர் வந்து ஓடினாள். ஏத்தா, நான் வந்துட்டேன், பயப்படாதீக என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அவள் குரலைக் கேட்டதும் தாவணிகள் அசைந்தன. பிள்ளைகள் எழுந்தார்கள். எழுந்து, அவளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடினார்கள்.

பின்னால் கம்பெனி எரிந்துகொண்டிருக்கிறது. முன்னால் முள். அந்தப் பிள்ளைகள் முள்ளுக்குள் புகுந்து புகுந்து ஓடின, கேட்டுக்காரம்மாவிடமிருந்து. அய்யம்மாள் நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக நெருப்புக்குப் பயந்து பயந்து, கடைசியில் பிள்ளைகளுக்குத் தானே நெருப்பாகிப் போனோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மணலில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் ஒருத்தர் கையையும் பாக்கல. யாரையும் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகல. இந்தா, திரும்பித்தான் இருக்கேன். வாங்கத்தா" என்றாள்.

பிறகு முள் ஒடிகிற சத்தம் கேட்டது. ஒருத்தி வந்து அவளைத் தாண்டி ஓடையில் இறங்கினாள். அடுத்து இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் கரி, கன்னத்தில் கண்ணீர் வழிந்த கோடு மட்டும் தோல் நிறத்தில் இருந்தது. இன்னொருத்தி வந்தாள், செல்வலட்சுமி என்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை. மாரீஸ்வரி வரவில்லை. அய்யம்மாள் திரும்பிப் பார்க்காமலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் பட்ட பாட்டை ஆஸ்பத்திரியில் நாகையா கையைப் பார்த்தபோதுகூடப் பட்டதில்லை.

"பேர எடுக்கச் சொல்ல மாட்டீகள்ல பெரியம்மா?"

குரல் முதுகுக்குப் பின்னால் மிகக் கிட்டத்தில் கேட்டது. அய்யம்மாள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிறகு தாங்க முடியாமல் திரும்பி, உட்கார்ந்தபடியே பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்து வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தாவணியில் மருந்து நெடி மூக்கைத் துளைத்தது, அவள் விடவில்லை. மாரீஸ்வரியும் பெரியம்மா தலைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். ஆனால் கட்டிப் பிடிக்க அவள் கையை நீட்டவில்லை. வேன் வந்து, எல்லாரும் ஏறி, வீட்டுக்குப் போய்ச் சேருகிறவரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள்.